இருதய நிபுணர் என்று யாரைச் சொல்லலாம்? பதிவு, தொடர்கல்வி, ஆய்வு பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலேசிய மருத்துவர்கள் நால்வர், சுகாதார அமைச்சு ஏற்பாடு செய்த பயிற்சியில் சேர்ந்து, உள்நாட்டு மருத்துவமனைகளிலேயே இருதய அறுவைச் சிகிச்சை கற்று, எடின்பர்க் அரச அறுவைச் சிகிச்சைக் கல்லூரியின் எஃப்ஆர்சிஎஸ் தேர்விலும் தேறினார்கள். நிபுணராகப் பதிந்துகொள்ள விண்ணப்பித்தபோது, அந்தத் தகுதி அங்கீகரிக்கப்பட்டதன்று என்று சொல்லி மலேசிய மருத்துவ மன்றம் மறுத்துவிட்டது. பயிற்சிக்கு அனுப்பியது ஓர் அரசாங்க அமைப்பு. பதிய மறுத்தது சட்டத்தால் அமைக்கப்பட்ட இன்னோர் அமைப்பு. விவகாரம் நீதிமன்றப் படியேறியது. 2024ஆம் ஆண்டில் மருத்துவச் சட்டத்தையே நாடாளுமன்றம் திருத்த வேண்டியதாயிற்று.

இது மருத்துவர்களின் உள்வீட்டுச் சண்டை என்று பலர் அப்போது நினைத்தார்கள். இந்நாட்டில் உயிரைப் பறிக்கும் நோய்களில் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்பது இருதய இரத்தக்குழாய் நோய். 2022ஆம் ஆண்டில் மருத்துவர் சான்றளித்த மரணங்களில் 16.1 விழுக்காடு இதனால் நேர்ந்தவை என்று புள்ளிவிவரத்துறை அறிவித்தது. அந்த நோய்க்கு மருத்துவம் பார்க்கிறவர் எப்படி உருவாகிறார், அவருக்கு யார் அங்கீகாரம் கொடுக்கிறார்கள், அங்கீகாரம் கிடைத்த பிறகும் அவர் படித்துக்கொண்டிருக்கிறாரா என்பதெல்லாம் இந்தியக் குடும்பங்கள் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயங்கள். அதற்கான காரணம் கீழே, ஆய்வுப் பகுதியில் வருகிறது.

இரண்டு வகை மருத்துவர்கள்

'ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட்' என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அது இரண்டு வேறு துறைகள். பயிற்சிப் பாதையும் வேறு.

இருதய மருத்துவ நிபுணர் அடிப்படையில் பொது மருத்துவம், அதாவது உள்மருத்துவம் படித்தவர். ஈசிஜி, எக்கோ பார்ப்பது, மருந்து கொடுப்பது, கை அல்லது தொடை வழியாகக் குழாய் செலுத்தி ஆஞ்சியோகிராம் செய்வது, பலூன் விரித்து ஸ்டென்ட் வைப்பது எல்லாம் இவர் வேலை. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்பவரும் வால்வு மாற்றுபவரும் இருதய, நெஞ்சக அறுவைச் சிகிச்சை நிபுணர். இவர் அறுவைச் சிகிச்சைத் துறையிலிருந்து வருகிறார். முதலாமவர் இரண்டாமவரின் வேலையைச் செய்ய முடியாது. ஆனால் நல்ல மருத்துவமனையில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து, இந்த நோயாளிக்கு ஸ்டென்ட் போதுமா, பைபாஸ் வேண்டுமா என்று பேசித்தான் முடிவெடுப்பார்கள்.

மேற்சொன்ன நால்வரும் இரண்டாவது வகையினர். ஆள் பற்றாக்குறை மிகவும் உறைக்கும் வகை அது. தேசிய இருதய சிகிச்சைக் கழகமான ஐஜேஎன், பினாங்கு, செர்டாங், ஜொகூர் பாரு சுல்தானா அமினா, கோத்தா கினபாலு இரண்டாம் குயின் எலிசபெத், கோத்தா சமராஹானில் உள்ள சரவாக் இருதய மையம் போன்ற குறிப்பிட்ட சில மருத்துவமனைகளில்தான் அரசாங்கச் செலவில் நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவைச் சிகிச்சை நடக்கிறது. ஓர் ஊரில் நிபுணர் ஒருவர் ஓய்வு பெற்றாலோ தனியார் மருத்துவமனைக்கு மாறினாலோ, காத்திருப்போர் பட்டியல் அன்றே நீள ஆரம்பித்துவிடும்.

பள்ளி முடித்து நிபுணராக எத்தனை ஆண்டு?

எஸ்பிஎம் எழுதும்போது மாணவருக்குப் பதினேழு வயது. எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் அல்லது அதற்கு ஈடான ஒரு படிப்பு. பிறகு மருத்துவப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு. அடுத்து ஹவுஸ்மேன் எனப்படும் இரண்டாண்டு பயிற்சி மருத்துவப் பணி. இவ்வளவும் முடிந்தால் அவர் முழுமையாகப் பதிவு பெற்ற மருத்துவர். நிபுணர் அல்லர்.

இருதய மருத்துவத்துக்குப் போக விரும்புகிறவருக்கு இங்கே இரண்டு வழி பிரிகிறது. மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூஎஸ்எம் போன்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் உள்மருத்துவத்தில் நான்காண்டு முதுகலை படிப்பது ஒரு வழி. அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே பிரிட்டிஷ் அரச மருத்துவக் கல்லூரிகளின் எம்ஆர்சிபி தேர்வை எழுதுவது இன்னொரு வழி. எம்ஆர்சிபி மூன்று கட்டங்களாக நடக்கும். முதல் இரண்டும் எழுத்துத் தேர்வு. மூன்றாவதில் நோயாளிகளை நேரில் பரிசோதித்துக் காட்ட வேண்டும். தேறிய பிறகு மூத்த நிபுணர்களின் கண்காணிப்பில் பணிசெய்யும் ஒரு காலம். அதன் பிறகுதான் அவர் உள்மருத்துவ நிபுணர். இருதயத்துக்கென்று அதற்கு மேலும் சுமார் மூன்றாண்டு துணைத்துறைப் பயிற்சி உண்டு. கூட்டிப் பார்த்தால், எந்தத் தடையும் வராத ஒருவரே முப்பதுகளின் நடுப்பகுதியில்தான் தனித்து நின்று ஸ்டென்ட் வைக்கும் நிலைக்கு வருகிறார்.

மருத்துவமனைப் பணியோடு சேர்ந்த பயிற்சியும் வெளிநாட்டுக் கல்லூரியின் தேர்வும் இணைந்த இந்த இரண்டாவது வழியைத்தான் 'பேரலல் பாத்வே', அதாவது இணைவழிப் பயிற்சி என்கிறார்கள். குழந்தை மருத்துவம், மகப்பேறு, கதிரியக்கம், அவசர சிகிச்சை என்று பல துறைகளில் இது நெடுநாளாக நடைமுறையில் இருக்கிறது. இந்நாட்டு நிபுணர்களில் கணிசமானோர் இந்த வழியில் வந்தவர்கள்.

இந்திய இளையோருக்கு இந்த வழி முக்கியமானது. உள்நாட்டு முதுகலை இடங்கள் குறைவு, போட்டி அதிகம். 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்படத் தொடங்கினார்கள். நிரந்தரப் பணியில் இல்லாததால் மேற்படிப்புக்கான கூட்டரசு உபகாரச் சம்பளமும் அவர்களுக்கு முதலில் எட்டாக்கனியாக இருந்தது. 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு மருத்துவமனை வாசலில் இறங்கி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் கைக்காசைச் செலவழித்தாவது எழுதக்கூடிய தேர்வாக எம்ஆர்சிபி போன்றவை இருந்தன.

எங்கே சிக்கல் வந்தது?

முன்பெல்லாம் இருதய அறுவைச் சிகிச்சைக்கு வர விரும்புகிறவர் முதலில் பொது அறுவைச் சிகிச்சையில் முதுகலை முடிப்பார். அதன் மேல் சில ஆண்டு இருதயத்தில் துணைத்துறைப் பயிற்சி பெறுவார். நீண்ட பாதை, தேறி வருவோரும் ஒன்றிரண்டு பேர்தான். நேரடியாக இருதய அறுவைச் சிகிச்சையிலேயே பயிற்சியைத் தொடங்கும் வகையில் எடின்பர்க் கல்லூரியோடு இணைந்து அமைச்சு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் முதல் பலன்தான் அந்த நால்வர்.

இதனிடையே சட்டம் மாறியிருந்தது. தேசிய நிபுணர் பதிவேடு, சுருக்கமாக என்எஸ்ஆர், 2006ஆம் ஆண்டில் தொடங்கியபோது அதில் சேர்வது மருத்துவரின் விருப்பத்தைப் பொறுத்தது. 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தில் 2012இல் செய்யப்பட்ட திருத்தம் 2017 ஜூலை 1ஆம் தேதி நடப்புக்கு வந்த பிறகு நிலைமை வேறு. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் நிபுணராகத் தொழில் செய்யக்கூடாது. பதிவேடும் மருத்துவ மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. ஆகவே எந்தத் தகுதியைப் பதியலாம் என்ற கேள்வி, யார் கத்தியைப் பிடிக்கலாம் என்ற கேள்வியாகவே மாறிவிட்டது. பதிவு மறுக்கப்பட்ட ஒருவர் பத்தாண்டு அனுபவசாலியாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் சாதாரண மருத்துவ அதிகாரிதான். இன்னொருவரின் மேற்பார்வையில் அறுவை செய்யலாம். தலைமை ஏற்க முடியாது.

மருத்துவ மன்றத்தின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. எஃப்ஆர்சிஎஸ் என்ற பெயரில் பிரிட்டனில் பயிற்சி பெறுவோர் எழுதும் தேர்வு ஒன்று. வெளிநாட்டில் பயிற்சி பெறுவோருக்காக அதே கல்லூரிகள் நடத்தும் தேர்வு வேறொன்று. இரண்டாவதில் தேறியதை மட்டும் வைத்து ஒருவர் பிரிட்டனிலேயே நிபுணர் பதிவு வாங்கிவிட முடியாது. அப்படியிருக்க மலேசியாவில் மட்டும் எப்படிக் கொடுப்பது என்று மன்றத் தரப்பு கேட்டது. எதிர்த்தரப்பு சொன்ன பதிலும் நேரானது: தேர்வு எங்கே நடந்தாலும் பயிற்சி நடந்தது நம் மருத்துவமனைகளில், நம் மூத்த நிபுணர்களின் கண்முன்னால், தரத்தை அவர்களைவிட யார் நன்றாக எடைபோட முடியும்? இன்னொரு கேள்வியும் எழுந்தது. தகுதியில் குறை இருந்தால், திட்டம் தொடங்கிய அன்றே சொல்லியிருக்க வேண்டாமா? ஒருவரின் இளமையில் பல ஆண்டுகள் கழிந்த பிறகு சொன்னால் அதை யார் ஈடுசெய்வது? இந்தக் கேள்விக்கு யாரும் திருப்தியான பதில் சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

இந்தச் சமயத்தில் உள்நாட்டில் இருதய அறுவைச் சிகிச்சைக்கென்று இருந்த ஒரே முதுநிலைப் படிப்பு ஐஜேஎன்னுடன் சேர்ந்து யூஐடிஎம் பல்கலைக்கழகம் நடத்திய படிப்பு. யூஐடிஎம்மில் சேர பூமிபுத்ராவாக இருக்க வேண்டும். இணைவழிப் பயிற்சியில் இருப்போரின் எதிர்காலம் கேள்விக்குறியானதும், அந்த ஒரு படிப்பை மட்டும் தற்காலிகமாக மற்ற இனத்தவருக்கும் திறந்துவிடலாம் என்ற யோசனை மருத்துவர்கள் தரப்பிலிருந்து வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து கடும் எதிர்ப்பு கிளம்பியது. 2024 மே மாதம் மாணவர் பேரவையின் அழைப்பை ஏற்று மாணவர்கள் கறுப்பு உடை அணிந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். பைபாஸுக்குக் காத்திருக்கும் நோயாளியைப் பற்றிய பேச்சு, வழக்கமான இன அரசியல் பேச்சாக மாற ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

முடிவில் தீர்வு சட்டத்தின் வழியாகத்தான் வந்தது. இணைவழிப் பயிற்சியை வெளிப்படையாக அங்கீகரித்து, அந்த வழியில் தேறியோரைப் பதிவு செய்ய இடம் தரும் மருத்துவச் சட்டத் திருத்த மசோதாவை 2024 ஜூலை 17ஆம் தேதி மக்களவை நிறைவேற்றியது. அடுத்து மேலவையும் ஒப்புதல் அளித்தது. எந்தத் தகுதிக்கு இடம் உண்டு என்பதைச் சட்டமே சொல்ல வேண்டும், அதை ஒரு குழுவின் முடிவுக்கு மட்டும் விடக்கூடாது என்பதே அந்தத் திருத்தத்தின் சாரம். இருதய அறுவைச் சிகிச்சையில் தொடங்கிய தகராறு மற்றத் துறைகளில் இணைவழியில் இருந்தோருக்கும் பாதுகாப்பைத் தேடித் தந்தது.

உள்நாட்டு இருதய சிகிச்சைமீது மக்களுக்கு நம்பிக்கை வந்ததே ஒரு கதை. 1989 ஜனவரியில் அன்றைய பிரதமர் மகாதீருக்கு மாரடைப்பு வந்தபோது வெளிநாட்டுக்குப் போயிருக்கலாம். அவர் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலேயே டாக்டர் யாஹ்யா அவாங்கிடம் பைபாஸ் செய்துகொண்டார். மூன்றே ஆண்டில், 1992இல், ஐஜேஎன் உருவானது. 1997 டிசம்பர் 18ஆம் தேதி நாட்டின் முதல் இருதய மாற்று அறுவைச் சிகிச்சை அங்கே நடந்தது. அப்படிக் கட்டியெழுப்பிய துறைக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ப்பதில்தான் இவ்வளவு இழுபறி.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகள்

தனியார் மருத்துவமனையின் சுவரில் மருத்துவர் படத்துக்குக் கீழே ஒரு வரி முழுக்க எழுத்துகள் இருக்கும். அவற்றில் சில படித்து வாங்கியவை, சில தேர்வெழுதி வாங்கியவை, சில சக மருத்துவர்கள் மதிப்புக் கருதிக் கொடுத்தவை. மூன்றும் ஒன்றல்ல.

எம்ஆர்சிபி தேர்வு. எஃப்ஆர்சிபி அப்படியல்ல, எம்ஆர்சிபி போன்ற தகுதியோடு பல ஆண்டு நற்பணி செய்தவரை அரச மருத்துவக் கல்லூரி தன் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுப்பது. அறுவைச் சிகிச்சையில் எஃப்ஆர்சிஎஸ் தேர்வெழுதிப் பெறுவது. எஃப்ஏசிசி என்றிருந்தால் 1949இல் தொடங்கிய அமெரிக்க இருதயவியல் கல்லூரியின் ஃபெல்லோ; எஃப்இஎஸ்சி என்றிருந்தால் 1950இல் தொடங்கிய ஐரோப்பிய இருதயவியல் சங்கத்தின் ஃபெல்லோ. இவ்விரண்டும் பயிற்சி, ஆய்வுக் கட்டுரைகள், சக நிபுணர்களின் பரிந்துரை ஆகியவற்றைப் பார்த்துத் தரப்படுபவை. மலேசியத் தேசிய இருதயச் சங்கமும் தன் மூத்த உறுப்பினர்களுக்கு இப்படி ஃபெல்லோ தகுதி தருகிறது. இவை கௌரவம்தான், துறையில் ஒருவர் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அடையாளமும்தான். ஆனால் மலேசியாவில் தொழில் செய்யும் உரிமையை இவற்றில் எதுவும் தராது. அந்த உரிமை என்எஸ்ஆர் பதிவிலிருந்து வருகிறது. டத்தோ, டான்ஸ்ரீ பட்டங்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

பிள்ளைகளை இந்தியாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பும் பெற்றோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிப்படை மருத்துவப் பட்டத்தைப் பொறுத்தவரை, மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அந்தக் கல்வி நிலையத்தின் பெயர் இருந்தால் நேரடியாக ஹவுஸ்மேன் பணிக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான், கல்வி முகவரின் விளம்பரத் தாளை அல்ல. நிபுணத்துவப் படிப்பு இன்னும் சிக்கலானது. இந்தியாவில் எம்டி மூன்றாண்டு, அதன் மேல் இருதயவியலில் டிஎம் மூன்றாண்டு படித்தவர் அங்கே முழு நிபுணர். இங்கே வந்தால் அந்தப் பட்டம் தானாகவே என்எஸ்ஆர் கதவைத் திறந்துவிடாது. எங்கே பயிற்சி, எத்தனை நாள், யார் மேற்பார்வை என்று குழு பார்த்துத்தான் முடிவு செய்யும்.

ஒரு மருத்துவரைப் பற்றிச் சரிபார்ப்பது பொதுமக்களுக்கு எளிது, இலவசம். மருத்துவ மன்றத்தின் 'மெரிட்ஸ்' இணையத் தளத்தில் பெயரைத் தட்டினால் அவர் பதிவு பெற்ற மருத்துவரா, நடப்பு ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் வைத்திருக்கிறாரா என்று தெரியும். தேசிய நிபுணர் பதிவேட்டின் தளத்தில் எந்தத் துறையில் நிபுணர் என்று தெரியும். உள்மருத்துவம் என்று மட்டும் இருக்கிறதா, இருதயவியல் என்றும் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். தளத்தில் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கக்கூடும். கிடைக்கவில்லை என்றதும் போலி மருத்துவர் என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிட வேண்டாம்; கிளினிக்கில் பதிவு எண்ணைக் கேட்டு மறுபடி தேடலாம்.

பதிவு பெற்ற பிறகும் படிப்பு

மலேசியாவில் ஒரு மருத்துவரின் தொழில் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். அதைப் புதுப்பிக்க 20 தொடர்கல்விப் புள்ளிகளும் தொழில்முறைக் காப்புறுதியும் வேண்டும். கருத்தரங்கில் கலந்துகொள்வது, பட்டறையில் பயிற்சி எடுப்பது, இளையோருக்குக் கற்பிப்பது, ஆய்விதழில் கட்டுரை வெளியிடுவது எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு.

ஏன் இந்தக் கட்டாயம் என்பதற்கு இருதய மருத்துவத்தைவிட நல்ல சான்று கிடையாது. பீட்டா தடுப்பி என்ற மருந்து வகையை எடுத்துக்கொள்ளலாம். இருதயம் பலவீனமாகித் துடிக்கும் நோயாளிக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்றுதான் ஒரு தலைமுறை மருத்துவர்கள் கல்லூரியில் படித்தார்கள். 1970களில் சுவீடனில் சிலர் துணிந்து கொடுத்துப் பார்த்தார்கள். யாரும் பெரிதாக நம்பவில்லை. 1999இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் அந்த மருந்து மரணத்தைக் கணிசமாகக் குறைக்கிறது என்று காட்டிய பிறகு, கொடுக்கக்கூடாத மருந்து கொடுத்தே ஆக வேண்டிய மருந்தாகிவிட்டது. கல்லூரியில் படித்ததோடு நின்றுவிட்ட மருத்துவர், தான் படித்தது சரி என்ற நம்பிக்கையிலேயே நோயாளிக்குத் தீங்கு செய்திருப்பார்.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. மாரடைப்புக்குப் பிறகு இருதயத்தில் வரும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று எண்ணி அதற்கான மருந்துகளைப் பரவலாகக் கொடுத்தார்கள். 1989இல் அமெரிக்க ஆய்வு ஒன்று அவற்றில் இரண்டு மருந்துகளை வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தது. துடிப்பு அடங்கியது, ஆனால் மருந்து சாப்பிட்டவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள். 2017இல் வெளியான சுவீடன் ஆய்வு இன்னொரு பழக்கத்தைக் கேள்வி கேட்டது. மாரடைப்பு சந்தேகத்தோடு வருகிறவருக்கு உடனே ஆக்சிஜன் முகமூடி மாட்டுவது வழக்கம். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரியாக இருந்த 6,629 பேரை ஆராய்ந்ததில் அதனால் மரணம் குறையவில்லை என்று தெரிந்தது.

நம் வீடுகளுக்கு நேரடியாகப் பொருந்துவது ஆஸ்பிரின். 'இரத்தம் கெட்டியாகாமல் இருக்க' என்று, இதுவரை எந்த இருதய நோயும் வராத பெரியவர்கள்கூட நாள்தோறும் ஒரு சிறிய ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுதான். 2018இல் மூன்று பெரிய ஆய்வுகள் வந்தன. அவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் 70 வயதைத் தாண்டிய 19,114 பேரிடம் நடத்தப்பட்டது. நோய் வராதவர்களுக்கு ஆஸ்பிரினால் கிடைக்கும் நன்மை சொற்பம், இரத்தக்கசிவு ஆபத்தோ கூடுதல் என்பது தெளிவானது. இது ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கோ ஸ்டென்ட் வைத்தவர்களுக்கோ பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இரண்டு வகையினருக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுமையாகச் சொல்லத் தெரிந்தவரே தொடர்ந்து படிக்கும் மருத்துவர்.

நீரிழிவு மாத்திரையாக வந்த டாபாகிளிஃப்ளோசின் 2019ஆம் ஆண்டின் ஆய்வுக்குப் பிறகு, நீரிழிவே இல்லாத இருதயப் பலவீன நோயாளிக்கும் எழுதிக் கொடுக்கப்படுகிறது. 'எனக்குச் சர்க்கரை இல்லையே, ஏன் சர்க்கரை மாத்திரை?' என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பது நல்லது, பதிலைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் ஒதுக்குவதுதான் தவறு.

புள்ளி முறையில் குறை இல்லாமல் இல்லை. கருத்தரங்குக்கு வந்தாரா என்பதை அது எண்ணுகிறது. புரிந்துகொண்டாரா, மறுநாள் கிளினிக்கில் எதை மாற்றிக்கொண்டார் என்பதை எண்ணுவதில்லை. கருத்தரங்குகளுக்கு மருந்து நிறுவனங்கள் ஆதரவு தருவதும் உலகெங்கும் உள்ள வழக்கம். தனித்து கிளினிக் நடத்துகிறவரைவிடப் பெரிய மருத்துவமனையில் இருப்பவருக்கு 20 புள்ளி சேர்ப்பது எளிது. ஆனாலும் இல்லாததற்கு இது மேல். மலேசியத் தேசிய இருதயச் சங்கம் நடத்தும் ஆண்டு அறிவியல் மாநாடும், அமைச்சோடும் மருத்துவ வல்லுநர்களோடும் சேர்ந்து அது வெளியிடும் சிகிச்சை வழிகாட்டிகளும் குடும்ப மருத்துவர் வரை போய்ச் சேரும்போதுதான் பயன். மாரடைப்போடு வருகிறவருக்கு மருத்துவமனை வாசலைத் தொட்டதிலிருந்து 30 நிமிடத்துக்குள் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அல்லது 90 நிமிடத்துக்குள் பலூன் சிகிச்சை என்பது அந்த வழிகாட்டிகளின் இலக்கு. அதை எட்ட நிபுணர் மட்டும் படித்திருந்தால் போதாது. அவசரப் பிரிவில் முதலில் ஈசிஜி எடுக்கும் தாதியும் படித்திருக்க வேண்டும்.

நம்மைப் பற்றிய ஆய்வு

மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் மேலைநாடுகளில் நடந்தவை. மலேசிய இந்தியரின் இருதயம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இங்கேயே கணக்கெடுக்க வேண்டும். அந்த வேலையை 2006ஆம் ஆண்டிலிருந்து தேசிய இருதய இரத்தநாள நோய்த் தரவுத்தளம் செய்துவருகிறது. மாரடைப்போடு பங்கேற்கும் மருத்துவமனைகளுக்கு வருகிறவரின் வயது, இனம், சர்க்கரை, இரத்த அழுத்தம், கொடுத்த சிகிச்சை, நேர்ந்த முடிவு எல்லாம் அதில் பதிவாகும்.

2006 மார்ச் முதல் 2010 பிப்ரவரி வரை பதிவான 13,591 பேரின் தகவலை இனவாரியாக அலசிய ஆய்வு 2013இல் வெளியானது. நாட்டின் மக்கள்தொகையில் ஏழு விழுக்காட்டை ஒட்டியே இருக்கும் இந்தியர்கள், அந்தப் பதிவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. பங்கேற்ற மருத்துவமனைகள் பெரும்பாலும் நகரங்களில் இருந்தன என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது சிறிய வித்தியாசம் அல்ல. சீனர்களிடம் இரத்த அழுத்தமும் கொழுப்பும் கூடுதல். மலாய்க்காரர்களிடம் உடல் எடை கூடுதல். இந்தியர்களிடம் நீரிழிவும், குடும்பத்தில் இளம் வயதிலேயே இருதய நோய் வந்த வரலாறும் கூடுதல். எல்லா இனத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் மலேசியருக்கு மாரடைப்பு வரும் சராசரி வயது 60க்கும் கீழ்.

52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வின் தரவும் இதையே சொன்னது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. இரத்தத்தில் இருப்பது என்று கைவிரிக்கத் தேவையில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. புகைப்பிடித்தல், கொழுப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், காய்கனி குறைவு, உடலுழைப்பு இல்லாமை, மதுப்பழக்கம் ஆகிய ஒன்பது காரணிகளே உலக அளவில் மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறைய 90 விழுக்காட்டை விளக்கிவிடுகின்றன.

இப்படிப்பட்ட தரவு கிடைப்பதற்கு வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து படிவம் நிரப்பும் மருத்துவர்களும் தாதியரும் வேண்டும். ஒப்பந்தத்தில் இருந்துகொண்டு எதிர்காலம் தெரியாமல் தவிக்கும் இளம் மருத்துவரிடம் ஆய்வும் செய் என்று எதிர்பார்ப்பது கடினம். பதிவு, பயிற்சி, ஆய்வு மூன்றும் ஒரே கயிற்றின் இழைகள் என்பது இங்கேதான் தெரிகிறது.

நோயாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய மருத்துவமனைகளில் இருதய நோயாளியிடம் 'ஓர் ஆய்வில் சேர விருப்பமா?' என்று கேட்கப்படலாம். 'நம்மைச் சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள்' என்று குடும்பத்தார் உடனே மறுத்துவிடுவது உண்டு. அந்த அச்சத்தைப் போக்கிக்கொள்ளச் சில கேள்விகள் போதும். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் நடக்கும் ஆய்வு தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதியப்பட்டு, அமைச்சின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்கலாம். என்ன மருந்து, என்ன ஆபத்து, தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். தமிழில் விளக்கம் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. தகவல் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று பிள்ளைகளிடம் காட்டிவிட்டு வந்தும் பதில் சொல்லலாம். கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நின்றுவிடாது.